எதிர்த்தரப்புக்காக எங்களைப் பேச வைத்த சவுரியம்மாள் அம்மையாருக்கு

பாலாறு வறண்டாலும் பேச்சில் ஈரம் வறளாத பெருந்தகையே! அதட்டாமலே அடக்கி, அடக்காமலே ஆண்ட அரும்பண்பே! ஆம்பூரில் நம் ஷூ ஆலையின் உற்பத்தி மேலாளராய் ஓயாது உழைத்து, இன்று மாலை மணியோடு ஓய்வு பெறும் எங்கள் சவுரி மேடம் அவர்களே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பணி, தரக்கட்டுப்பாட்டுத் துறைச் செந்தில்குமாராகிய அடியேனிடம் வந்தது தமிழறிவால் அன்று, பொறாமையால். "புகழ்றவன் பொய் சொல்லிடுவான். பொறாமைப்படுறவன்தான் கரெக்டா கவனிச்சிருப்பான். நீங்களே எழுதுங்க சார்" என்று தையல் பிரிவின் மேற்பார்வையாளர் ஜோதி சபையிலேயே போட்டு உடைத்துவிட்டார். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குபவன் நான். தங்களிடம் தேடித் தேடி ஓய்ந்தேன். ஒரு தரக்கட்டுப்பாட்டாளனுக்கு இதைவிடக் கொடுமை இழைக்க முடியுமோ!

அணித்தலைமை கற்று வரும்படி நிர்வாகம் அடியேனைப் பெங்களூருக்கு அனுப்பியது. குளிரூட்டிய அரங்கு, கோட்டு போட்ட ஆசான், கோப்பை கோப்பையாய்க் காபி. கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தால் சகாக்கள் தாங்கிக்கொள்வர், அதுவே நம்பிக்கை என்று கற்று வந்தவன், கட்டிங் கூடத்தில் அனைவரையும் கூட்டி, கண்ணை மூடிச் சாய்ந்தேன். சாய்ந்த நேரம் டீ மணி அடித்தது. தரை தாங்கிக்கொண்டது. தாங்கள் மட்டுமே சிரிக்காமல் ஓடி வந்து தூக்கிவிட்டு, "பாடம் நல்ல பாடம்தான் செந்தில், டைம்தான் சரியில்ல" என்றீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

தங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வித்தை? ஜெர்மனிக்குச் செல்லவிருந்த பழுப்பு பூட்ஸ் ஆர்டரில் கண்டோம். ஜோடிக்கு ஜோடி இடக்கால் ஒரு நிறம், வலக்கால் ஒரு நிறம். கண்டுபிடித்தவன் நான், கலகம் மூட்டியவனும் நானே. "ரெண்டு தோல்ல வெட்டிக் குடுத்துட்டு எங்க தலையில கட்டுறாங்க" என்றது தையல் பிரிவு. "நாங்க வெட்டிக் குடுத்த தோல் பண்டலைக் கலந்ததே அவங்கதான்" என்றார் கட்டிங் பிரிவின் தலைவர் தபரேஸ் பாய். கட்டிங்கில் நகரத்து ஆண்கள், தையலில் சுற்றுக் கிராமத்துப் பெண்கள், ஷூவை அச்சில் ஏற்றும் பிரிவில் தமிழ் தடுமாறும் பிகார் இளைஞர்கள், அலுவலகத்தில் ஆங்கிலம் ததும்பும் பட்டதாரிகள் என்று ஒரே கூரையின் கீழ் நான்கு ஊர்கள் முறைத்துக்கொண்டு நிற்க, வாசலில் லாரி காத்திருக்க, தாங்கள் நடுவே வந்தீர்கள்.

"சண்டை போடுங்க, வேணாங்கல. ஆனா தபரேஸ், நீ ஜோதிக்காகப் போடு. ஜோதி, நீ தபரேஸுக்காகப் போடு."

"இன்னா மேடம், எங்க மேல நானே பிராது குடுக்கணுமா?" என்றார் ஜோதி.

"குடு. அவங்க எடத்துல போய் நின்னு பாத்துட்டு வந்து குடு."

போனார்கள், முகம் மாறித் திரும்பினார்கள். "பண்டலைப் பிரிக்க அந்தப் பொண்ணுங்களுக்கு மேசையே இல்ல மேடம், மடியில வெச்சுப் பிரிக்கிறாங்க. நானா இருந்தாலும் கலந்துதான் போவும்" என்றார் பாய். "கட்டிங்ல லைட்டு பேஜார் மேடம். அந்த வெளிச்சத்துல எந்தப் பழுப்பும் ஒண்ணாதான் தெரியுது. பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றார் ஜோதி. மேசை வந்தது; விளக்கு வந்தது; அவற்றினும் அரிதாய், நம் ஆலைக்குள் 'பாவம்' என்ற சொல் வந்தது.

அன்று முதல் சனிக்கிழமைக் கூட்டத்தில் எவரும் தம் குறையைத் தாமே பேசலாகாது, அடுத்த பிரிவின் குறைக்காகவே பரிந்து பேசவேண்டும் என்பது நம் சட்டமாயிற்று. தையல் பெண்கள் உடைந்த இந்தியில் பிகார் இளைஞருக்காக வாதாட, அவ்விளைஞர்கள் உடைந்த தமிழில் அலுவலகத்துக்காக வாதாட, கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. தாங்கள் நுழைந்தால் பேச்சு பெருகுகிறது. நான் நுழைந்தால் ஷூக்கள்கூட விறைத்து நிற்கின்றன.

தங்களுக்குப் பின் அப்பதவி யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது, "என்னைக் கேக்காதீங்க, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று விலகிக்கொண்டீர்கள். நிர்வாகமும் இசைந்தது. களத்தில் இருவர்: தபரேஸ் பாயும் அடியேனும். எனக்கு அது வேண்டும், அம்மையாரே! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசையாய் ஆசை, பல்லாண்டு ஆசை. ஆனால் சட்டம் சட்டமல்லவா? அவருக்காக நான் பேசவேண்டும், எனக்காக அவர்.

சென்ற சனிக்கிழமை, ஏதோ ஒப்பேற்றலாம் என்றே எழுந்தேன். "பாய் கோவம் வந்தா தண்ணி குடிச்சிட்டு வந்துதான் பேசுவாரு" என்றேன். "பிகார் பசங்க பேரெல்லாம் அவருக்குத் தெரியும். நான் இன்னும் தம்பி, தம்பின்னே சமாளிக்கிறேன்" என்றேன். பேசப் பேச, பாழாய்ப்போன என் பேச்சு நானே நம்பும்படி ஆகிவிட்டது. பிறகு பாய் எழுந்தார். "செந்தில் சார் ஒரு ஷூவைத் தள்ளினா, தெச்ச பொண்ணுகிட்ட தனியா போய்ச் சொல்லுவாரு. நாலு பேர் முன்னாடி ஒருநாளும் சொன்னதில்ல." அப்படி ஒரு நல்ல குணம் என்னிடம் இருப்பது எனக்கே செய்தி. கண் கலங்கிற்று. கை தூக்கச் சொன்னபோது தபரேஸ் பாய்க்காக முதலில் உயர்ந்த கை அடியேனுடையது. வாதில் தோற்றுப் பதவி இழந்தவர் உலகில் பலர்; வாதில் வென்று பதவி இழந்தவன் நான் ஒருவனே! திங்கள் முதல் அவர் மேலாளர். என் பொறாமையும் திங்கள் முதல் அவரிடம் பணிமாற்றம் பெறுகிறது.

ஒரு வழக்கு மட்டும் பாக்கி. எல்லோர்க்கும் வாதாட ஆள் வைத்த தாங்கள், தங்களுக்கென்று எவரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே தங்கள் தரப்பை இன்று நான் பேசுகிறேன். இந்த அம்மாவுக்கு மூட்டு வலி. மகள் வீட்டில் ஞாயிறு மதியச் சோற்றை இவர் முழுதாய் உண்டதில்லை. பாதியில் நம் போன் வந்துவிடும். இனி வரலாகாது. லைன் நின்றாலும் லாரி நின்றாலும் இவரை எவரும் அழைக்கலாகாது. நம்மை மறந்துவிடும் உரிமை இவருக்கு உண்டு.

மறுத்துப் பேச எல்லோருக்கும் ஆசை; ஒருவரிடமும் வாதம் இல்லை. தீர்ப்பு தங்கள் பக்கம்.

நோவு நீங்கி, நிறைய உறங்கி, சுடுசோறு ஆறுமுன் உண்டு, பேரப்பிள்ளைகள் சண்டையை மட்டும் தீர்த்துவைத்து, பல்லாண்டு தாங்கள் வாழவேண்டும்! திங்கள் காலை எப்படியும் நாங்கள் அழைப்போம். எடுக்காதீர்கள், மேடம்.

இப்படிக்கு,
வழக்கில் தோற்று நிற்கும்
கட்டிங், தையல், அச்சேற்றம், பேக்கிங், அலுவலகப் பிரிவுகளின் ஊழியர் அனைவரும்
ஆம்பூர்