வர்ற தலைவியெல்லாம் ஏன் ஓடுறாங்க

...மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன் மேடம், எனக்கென்ன பயம்? "வக்கீலம்மா, அந்தக் கேள்விய நீங்கதானே கேட்டீங்க?"ன்னேன். அவ்வளவுதான், வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாங்க பாருங்க! நீங்க உக்காருங்க, உக்காருங்க. உள்ளருந்து கூப்பிட இன்னும் நேரமாகும். இந்தாங்க தண்ணி. அந்த ஃபேன் சுத்தாது, சத்தம் மட்டும்தான் போடும்.

கேளுங்க இந்தக் கூத்த. நம்ம ஆபீசு எதுக்கு இருக்கு? பொம்பளைங்க உரிமைக்கு. கம்பெனி கம்பெனியாப் போயி, "வேலைக்கு வர்ற பொண்ணுகிட்ட வேலையப் பத்தி மட்டும் கேளுங்கய்யா, அவ குடும்பக் கதை உங்களுக்கு எதுக்கு?"ன்னு மேனேஜருங்களுக்கு வகுப்பு எடுக்கிறோம். அந்தா, சுவத்துல பாருங்க போஸ்டரு... நானே பசை தடவி ஒட்டினது. கொஞ்சம் கோணலாயிடுச்சு, அது வேற விஷயம். அப்பேர்ப்பட்ட இடத்துல, புதுத் தலைவி வேலைக்கு வந்த மூணு பேரும் வேணாம்னு எழுதிப் போட்டுட்டாங்க. மூணு பேருக்கும் ஒரே காரணம்! "உங்க இடத்துலயே, புருஷன் என்ன சொல்வாரு, பிள்ளைய யாரு பாத்துப்பான்னு கேக்குறாங்க. உபதேசம் ஊருக்குத்தானா?"ன்னு. மானம் போச்சு மேடம்!

உள்ள உக்காந்து ஆளெடுக்கிறது மூணே பேரு. வக்கீலம்மா, டாக்டரம்மா, அப்புறம் ரிடையரான ஹெட்மிஸ்ட்ரஸ். கேட்டா, நான் இல்ல நான் இல்லங்கிறாங்க. வக்கீலம்மாவுக்கு டாக்டரம்மா மேல சந்தேகம். டாக்டருங்களுக்குப் பிள்ளை எத்தனைன்னு கேட்டே பழக்கமாம். டாக்டரம்மாவுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் மேல. ஹெட்மிஸ்ட்ரஸ் கோவிச்சுக்கிட்டுத் தனியா உக்காந்து சாப்பிடுறாங்க. ஒரே தட்டுல சாப்பிட்டவங்க மேடம்! கடைசியா, கேள்விய முன்னாடியே எழுதிவச்சு அத மட்டும் படிக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க. அப்படியே படிச்சாங்க. அப்படியும் மூணாவது ஆளு ஓடிட்டாங்க! அப்ப கேக்குறது யாரு? பேயா, பிசாசா?

எனக்கு வயித்தெரிச்சல். ஏன்னு கேளுங்க... கேக்க மாட்டீங்க, நல்ல அமைதியான ஆளு நீங்க. தலைவின்னு ஒருத்தர் இல்லாம, மாடியில இருக்கிற நம்ம அடைக்கல விடுதிய நடத்தக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள யாரும் வரலைன்னா மாடியப் பூட்டிருவாங்க. மாடியில யாரு இருக்காங்க தெரியுமா? கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. இங்க வந்தப்புறம்தான் தூக்கம்னா என்னன்னே தெரிஞ்சுதுங்குது. அத எங்க போகச் சொல்றது, அடிச்சவன்கிட்டயேவா? நானும் ஒரு காலத்துல உடுத்தின துணியோட அந்த மாடியேறினவதான். அதப் பேசினா அழுதுருவேன், விடுங்க.

நீங்கதான் மேடம் கடைசி ஆளு. அதனாலதான் முன்னாடியே சொல்லிவைக்கிறேன். உள்ள யாராவது அந்தக் கேள்வியக் கேட்டா, பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்குங்க. பாவம், வயசாயிடுச்சு, வாய் தவறும்.

ஆமா... வீடு எங்க, பக்கத்துலயா? நல்லதாப் போச்சு. இந்த வேலைக்கு நேரங்காலம் கிடையாது பாருங்க. போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, ஆஸ்பத்திரின்னு நாய் மாதிரி அலையணும். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா? பிள்ளைங்க எத்தனை? சின்னதுன்னா யாரு பாத்துப்பா, மாமியாரா? மாமியார் எப்படி, தங்கமா தகரமா? ஏன் கேக்குறேன்னா, போன தலைவி வந்த வேகத்துலயே, வீட்டுக்காரருக்கு வேற ஊருக்கு மாத்தல்னு பெட்டியக் கட்டிட்டாங்க. சூடு கண்ட பூனை மேடம் நானு. அதான் இந்தப் பெஞ்சுல வந்து உக்கார்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை விசாரிச்சு வச்சுக்கிறது...

என்ன மேடம், சுவத்தக் காட்டுறீங்க? கோணல்தான், சொன்னேனே. படிக்கவா? "கல்யாணம் ஆச்சா, பிள்ளை எத்தனை, வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேட்காதே." ஆமா, அது மேனேஜருங்களுக்கு! நான் என்ன மேனேஜரா? நான் தண்ணி குடுக்கிறவ. இது என்ன நேர்காணலா? ரெண்டு பொம்பளைங்க சும்மா பேசிக்கிறது. ஒரு அக்கறையில...

ஐயய்யோ.

ஓடிப்போன மூணு பேரும் இதே பெஞ்சுலதான் உக்காந்தாங்க. மூணாவதா வந்தவங்க தண்ணியக்கூடத் தொடல. திமிரப் பாருன்னு நெனச்சேனே... அடிப் பாவி! என் வாயில தீய வைக்க! வக்கீலம்மாவ வேற நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேனே!

மேடம், எந்திரிக்காதீங்க. பையக் கீழ வைங்க. உங்களுக்குப் புருஷன் இருந்தா என்ன, இல்லாட்டி எனக்கென்ன! என் மேல இருக்கிற கோவத்த அந்த மாடி மேல காட்டாதீங்க மேடம். அதுங்களுக்குப் போக வேற இடமில்ல... மேடம்! வாசல் அந்தப் பக்கம். ஏன் உள்ள போறீங்க? சொல்லப் போறீங்களா?

சொல்லுங்க. கேட்டவ வெளியதான் உக்காந்திருக்கான்னு சொல்லுங்க, உள்ள இருக்கிற மூணு பேரும் மறுபடி ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கட்டும். ஆனா ஒண்ணு மேடம், முதல்ல வேலைக்குச் சரின்னு சொல்லிடுங்க. சொல்லிட்டு, அந்த நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்துக்கிட்டு, தலைவியா முதல் உத்தரவப் போட்டு என்னைய வேலைய விட்டுத் தூக்குங்க. நான் சந்தோஷமாப் போறேன்.