இரண்டாவது பூட்டு

உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் பூட்டுக்கு எண்ணெய் விடக் கூடாது, சார். எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டால் ஒரே மாதத்தில் சாவி திரும்பாது. பென்சில் முனையைச் சீவி அந்தத் தூளைப் போட்டால் போதும். உங்கள் லாக்கப் பூட்டு நேற்று ரொம்பவே முரண்டு பிடித்தது. அதனால் சொல்கிறேன்.

என் பெயர் ராக்கப்பன். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் ராணுவக் கிடங்கில் இருபத்தொன்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். கழித்துக் கட்டிய பாராசூட், தார்ப்பாய், ரப்பர் படகு எல்லாம் ஏலத்துக்குப் போகும் வரை எங்களிடம்தான் கிடக்கும். கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ஜன்னல் கிடையாது, உள்ளே போனால் போன் சிக்னலும் கிடைக்காது. வெயில் காலத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாது.

தவறுதலாகப் பூட்டியிருப்பீர்கள் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள், தெரியும். அப்படி எழுதிக்கொடுத்தால் எனக்குத் தண்டனை குறையும் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பூட்டு தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். அது கடைப் பூட்டு மாதிரி அமுக்கினால் பூட்டிக்கொள்ளாது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியை முழுதாகத் திருப்ப வேண்டும். திறந்திருக்கும் வரை சாவியை வெளியே எடுக்கவும் முடியாது. பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். சாவியை எடுத்தாயிற்று என்றால் யாரோ பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் கதவுக்கு இப்படி இரண்டு பூட்டு. ஒன்று என் பொறுப்பு, மற்றது சேதுபதியின் பொறுப்பு. இருவரும் இல்லாமல் திறக்கவும் கூடாது, பூட்டவும் கூடாது. கதவைத் திறந்ததும் அவரவர் பூட்டைப் பக்கத்திலுள்ள வளையத்தில் மாட்டிப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே இருப்பவரை வெளியே இருக்கிறவன் பூட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி.

சேதுபதி அதைச் செய்யவே மாட்டார். பூட்டைத் திறந்தபடி, சாவியோடு தொங்கவிட்டுப் போய்விடுவார். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நீங்க இருக்கீகல்லண்ணே, எனக்கென்ன பயம்" என்று சிரிப்பார். பதிவேட்டில் வாரம் முழுவதற்குமான கையெழுத்தைத் திங்கட்கிழமையே போட்டுவிடுவார். சாயங்காலம் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கருவேலங்காட்டு வேலி இடுக்கு வழியாக பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். இரண்டு சாவியையும் காவல் அறையில் நான்தான் ஒப்படைப்பேன். மனுஷன் கெட்டவர் இல்லை. அசட்டை அதிகம்.

இரண்டு வருடம் முன்பு என் மனைவி கனகலட்சுமி ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, உடனே வாருங்கள் என்று போன் வந்தது. சேதுபதி மத்தியானமே உச்சிப்புளிக்கு முடி வெட்டப் போயிருந்தார். போன் செய்தேன். "இந்தா வாரேண்ணே" என்றார். ஆறு மணிக்கும் அதையேதான் சொன்னார். ஏழேகாலுக்கு வந்தார், முகத்தில் பவுடரோடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளைத் துணியால் மூடியிருந்தார்கள். என்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

என் மகள் சத்யப்பிரியா காரியம் முடிந்த அன்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "கதவப் பூட்டாமலே வந்திருக்கலாம்லய்யா?"

இருவரும் இல்லாமல் பூட்டவும் கூடாது, பூட்டாமல் அந்த இடத்தை விட்டு நகரவும் கூடாது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அன்று ராத்திரியே அவள் மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். அதன் பிறகு அங்கிருந்து போன் வருவது குறைந்துபோனது. எனக்கு அது ரொம்ப வலித்தது, சார். தாமதமாக வந்தது நான் இல்லையே.

போன வெள்ளிக்கிழமை கனகலட்சுமிக்கு இரண்டாம் வருடத் திதி. சத்யப்பிரியா வரவில்லை. காலையில் நான் ஒருவனே கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தேன். ஐந்து மணிக்குப் பூட்டப் போகும்போது, சேதுபதி பின்கட்டில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனார். வழக்கம்போல அவர் பூட்டு சாவியோடு தொங்கியது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. களைப்பாக இருந்தது. இரண்டு பூட்டையும் போட்டேன், அரக்கு முத்திரை வைத்தேன், சாவிகளை ஒப்படைத்துவிட்டு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். எத்தனையோ வருடம் கழித்து அன்றுதான் நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை அவர் மனைவி யுவராணி வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, அவுக ராத்திரி வீட்டுக்கு வரலண்ணே. ஒங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?"

"எங்கிட்டுப் போயிரப் போறாப்ல, பக்கத்துலதான் இருப்பாப்ல. நீ மொதல்ல ஏதாச்சும் சாப்பிடு தாயி" என்றேன். பாவம், அழுதுகொண்டே போனாள். அன்று மத்தியானம் முத்திரையைச் சரிபார்க்கக் கிடங்குக்குப் போனேன். விடுமுறையிலும் ஒரு நடை போய்ப் பார்ப்பது என் வழக்கம். உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் வந்தது. முத்திரை உடையாமல் இருந்தது. சரியாக இருக்கிறது என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். சத்தம் இல்லை.

திங்கட்கிழமை கதவைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டாவது சாவிக்காரர் இல்லாமல் திறக்கக் கூடாது என்று விதியை எடுத்துக் காட்டினேன். மேலிடத்து உத்தரவு வர செவ்வாய் மத்தியானம் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் நீங்களே பார்த்தீர்கள்.

பூட்டும் முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது விதி. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அதைத் தவறவிட்டதில்லை. அன்றும் வாசலில் நின்று, "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று மூன்று முறை சத்தமாகக் கூப்பிட்டேன்.

மூன்று முறையும் அவர், "இந்தா வாரேண்ணே" என்றார்.