படுக்கையில் இருந்தவனின் பக்கங்கள்

எனக்கு மெல்லிய நிப்புதான் சரிப்பட்டு வரும், இன்ஸ்பெக்டர் அய்யா. கோடு தடித்தால் முகம் கெட்டுவிடும். முப்பது வருடமாக மங்கா, அதாவது ஜப்பானிய பாணிப் படக்கதை, வரைகிறேன். வாரப் பத்திரிகையில் வந்த என் கடைசித் தொடர், இரண்டு ஆண்களின் காதல் கதை. ஒருவருக்கு ஐம்பத்தெட்டு வயது, மற்றவனுக்கு முப்பது. எங்கள் கதைதான். என் தாடைக்குக் கீழே தொங்கும் சதையை மட்டும் வரையாமல் விட்டேன்.

அந்த முப்பது வயதுக்காரன் அதே பத்திரிகையில் பிழை திருத்துபவன். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாள், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றான்.

"உங்கமேல கோபம் இல்ல. ஆனா நான் பல்லு தேய்க்கிறதுகூட அடுத்த வாரம் பத்திரிகையில வந்துடுது. மூச்சு முட்டுது."

நியாயமான பேச்சு. தலையாட்டினேன். அன்று மாலையே அவன் சூப்பில் விஷம் கலக்க ஆரம்பித்தேன். கொஞ்சம்தான். பயணம் தள்ளிப்போகும் அளவுக்கு.

சீக்காளியைப் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. வாந்தியை நானே வழித்துப் போட்டேன். போர்வையில் ஊறிய புளித்த வாடை என் விரலிடுக்கில் ஏறிக்கொண்டது. எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. ஆனாலும் முகம் சுளித்ததில்லை. கை கழுவிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு வரைவேன். குழிந்த கன்னம், உதட்டோரம் காய்ந்த கோழை. இதெல்லாம் கற்பனையில் வராது.

"என்னைப் பாத்தா எனக்கே அருவருப்பா இருக்கு. இதைப் போய் வரையறீங்களே," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கவாட்டு முகமும் நன்றாகவே அமைந்தது.

வாசகர்கள் உருகிப்போனார்கள். அந்தப் பெரியவரின் அன்பைப் பார்த்து அழுததாக மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். "சோகமா முடிங்க, மனசுல நிக்கும்," என்றார் பத்திரிகை ஆசிரியர். மறுநாள் அளவைக் கூட்டினேன்.

அவன் அக்கா நர்ஸ். வயிற்றுக் கோளாறுதான் என்று அவன் போனிலிருந்து நானே அவளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். தம்பியைத் தொட்டுப் பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பிறகு என் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். அடக்கம் நடக்கும் பக்கங்கள். மழை, கறுப்புக் குடைகள், பெட்டிமேல் என் கை. பின்வரிசையில் அவளையும் வரைந்திருந்தேன்.

"அவன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டிருக்கான். அதுக்குள்ள பெட்டியில வச்சு மூடிட்டீங்களா?"

தாளின்மேல் காறித் துப்பினாள். கைக்குட்டையால் ஒற்றியெடுத்தேன். மை கலைந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் இறந்தான். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது நான் கையைத் தொட்டதும், வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கினான். அருவருப்பு என்கிறாள் அக்கா. பிரிவின் வேதனை அவளுக்கு எங்கே புரியப்போகிறது.