கொடியைக் கீழே போடச் சொன்ன ரோண்டா கெஸ்லர்

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளி வாரியத் தலைவர் திரு. கிரெய்க் மேட்லாக் அவர்களே! தலைமை ஆசிரியை திருமதி ஸ்வென்சன் அவர்களே! பாதிரியார் அவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ரோண்டாவின் கணவர், என் நண்பர் வேய்ன் கெஸ்லர் அவர்களே! டன்ஹோப் ஊர்ப் பெருமக்களே! எல்லாருக்கும் மேலாக, பின்சுவரோரம் போட்டி உடையிலேயே வந்து நிற்கிற கொடி அணிப் பிள்ளைகளே!

ஏன் நிற்கிறீர்கள்? உங்களுக்கு நாற்காலி போடவில்லையா? இறந்து போனவர் உங்கள் பயிற்சியாளர். அவருக்காக நடக்கிற கூட்டத்தில் உங்களுக்கு உட்கார இடமில்லையா? யாராவது நாற்காலி கொண்டு வாருங்கள். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

நன்றி. உட்காருங்கள், பிள்ளைகளே.

என் பெயர் லைல் ப்ரூமர். லார்ச்வில் பள்ளியின் பேண்டு மாஸ்டர். ஆமாம், நீங்கள் வாயைத் திறந்தாலே திட்டுகிற அதே லார்ச்வில். இந்த வட்டாரத்தில் குளிர்காலக் கொடி அணிப் போட்டிகளை நடத்தும் குழுவுக்கும் நான்தான் தலைவன். ஏறக்குறைய இருபது வருடம் ரோண்டா கெஸ்லரும் நானும் எதிரெதிரே நின்றோம். அவரைத் தோற்கடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பேசச் சொல்லி வேய்ன் கூப்பிட்டபோது கேட்டேன். "உங்க ஊர்ல பேச ஆள் இல்லையா, வேய்ன்?"

"இருக்காங்க. எல்லாருக்கும் இந்தப் பள்ளி வாரியம்தான் சம்பளம் குடுக்குது" என்றார்.

அதனால்தான் வந்திருக்கிறேன். வாசலில் பாதிரியார் என் கையைப் பிடித்து, "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சாந்தமா பேசுங்க, லைல்" என்றார். மன்னிக்க வேண்டும், பாதிரியார் அவர்களே. இருபது வருடம் சாந்தமாகப் பேசிப் பார்த்தவர் ரோண்டா. அவருக்கு என்ன கிடைத்தது என்று இந்த ஊருக்கே தெரியும்.

நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம்? கூடைப்பந்து அரங்கத்தில்! மெழுகு போட்டு மின்னுகிற இந்தத் தரையில் இன்று எத்தனை நூறு இரும்பு நாற்காலிகள்! எத்தனை பேர் பனி ஒட்டிய பூட்ஸோடு நடந்து வந்திருக்கிறீர்கள்! தரை கெட்டுப் போகாதா? வாரத்தில் ஒரே ஒரு மாலை இந்தத் தரையைக் கொடுங்கள் என்று ரோண்டா கேட்டபோதெல்லாம் அதைத்தானே சொன்னீர்கள், திரு. மேட்லாக்? "தரை கெட்டுப் போகும்." அவர் பிள்ளைகள் மெல்லிய துணிக் காலணி போடுகிறவர்கள். தரைமேல் கனமான விரிப்பு விரித்து, அதன்மேல் ஆடுகிறவர்கள். அவர்களால் தரை கெடும். சாவுக் கூட்டத்தால் கெடாது!

ரோண்டா யார்? பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுத்தவர். பள்ளி விட்டதும் அவர் வேறு ஆள். கழுத்தில் விசில், கையில் மரத் துப்பாக்கி, தொண்டையில் இடி. இலையுதிர் காலத்தில் மைதானத்தில் பேண்டோடு அணிவகுப்பு. பனி விழத் தொடங்கினால் வாத்தியமெல்லாம் உள்ளே போய்விடும், கொடி அணி மட்டும் அரங்கத்துக்குள் தனியே ஆடும் பருவம். கொடி, மரத் துப்பாக்கி, வாள்! அதை உயரே வீசி, சுழன்று திரும்பி, பார்க்காமலே பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் மூக்கு உடையும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். யாருக்கு? கூடைப்பந்துக்கு உயரம் பத்தாதவர்களுக்கு. மதிய உணவு நேரத்தில் தனியாக உட்கார்ந்தவர்களுக்கு. எந்த அணியும் எடுத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு.

ஒரு வருடம் போட்டிக்குப் போகிற வழியில் எங்கள் கொடிகளை ஏற்றி வந்த வேன் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. என் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அடுத்தது எங்கள் முறை. ரோண்டா வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன லைல், கல்யாணத்துக்குக் கால்சட்டை இல்லாம வந்த மாப்பிள்ளை மாதிரி முழிக்கற?"

சொன்னேன்.

"எங்களதை எடுத்துக்க."

"ரோண்டா, நாம ரெண்டு பேரும் ஒரே பிரிவுல போட்டி போடறோம்."

"தெரியும். வெறுங்கையோட நிக்கற புள்ளைங்கள ஜெயிச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எடுத்துக்கய்யா!"

அவர்கள் ஆடியது கடலைப் பற்றி, கொடியெல்லாம் நீலம். நாங்கள் ஆடியது கோதுமை அறுவடையைப் பற்றி. அன்று இந்தியானாவில் நீல நிறத்தில் கோதுமை விளைந்தது! நாங்கள் மயிரிழையில் ஜெயித்தோம். ஊரே பார்க்க என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "என் கொடியை வெச்சே என்னைத் தோக்கடிச்சிட்டியே, திருட்டுப் பயலே! தொவச்சு இஸ்திரி போட்டுக் குடு!"

போட்டுக் கொடுத்தேன். இப்படிப்பட்ட ஒருத்தியை எதிரியாக அடைய நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த ரோண்டா போன இலையுதிர் காலத்தில் வாரியக் கூட்டத்துக்குப் போனார். நானும் துணைக்குப் போயிருந்தேன். அதனால் இது என் காதாலேயே கேட்டது, கதையல்ல.

"எங்களைப் பழகச் சொன்ன உணவுக்கூடத்துல கூரை தாழ்வா இருக்கு, கிரெய்க். துப்பாக்கியை மேல வீசவே முடியல. கையை விடாமலே வீசற மாதிரி பாவனை பண்ணிப் பழகறாங்க. போட்டியில நெசமா வீசும்போது பயந்து சாவறாங்க. வாரத்துல ஒரு சாயங்காலம் அரங்கத்தைக் குடுங்க."

திரு. மேட்லாக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரோண்டா, கொடியை எங்க வேணாலும் நின்னு ஆட்டலாம். பந்து போடத்தான் கூடை வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள், திருமதி ஸ்வென்சன். ரோண்டாவும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கேட்டார்: "கூடைப்பந்து ஆடற பசங்க யார் புள்ளைங்க?"

"நம்ம புள்ளைங்க."

"அப்ப இவங்க யார் புள்ளைங்க, கிரெய்க்?"

அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் அரங்கத்துக்கு வாருங்கள் என்றேன். "உங்க ஊருக்கு யார் கூட்டிட்டு வர்றது, லைல்? பாதிப் பேரோட அப்பா அம்மா ஆலையில ஷிப்ட்டு. பனி ரோட்ல புள்ளைங்களை நான் அனுப்ப மாட்டேன்" என்றார். கவனியுங்கள்: பிள்ளைகளின் உயிர் விஷயத்தில் அவ்வளவு எச்சரிக்கையான பெண்!

கடைசியில் ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த தீவனக் கிடங்கை அவரே தேடிப் பிடித்தார். கூரை உயரம். அது போதும் அவருக்கு. பிள்ளைகளோடு சேர்ந்து பெருக்கிக் கழுவினார். வாரியம் என்ன சொன்னது? "ரொம்ப நல்லது, பிரச்சினை தீர்ந்தது!" யாராவது போய்ப் பார்த்தீர்களா? ஜன்னல் திறக்கிறதா, புகை போக வழி இருக்கிறதா என்று ஒருவராவது எட்டிப் பார்த்தீர்களா? உள்ளே மூச்சுவிட்டால் பனிமூட்டமாக வருகிறது, சூடாக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். அனுப்பினீர்கள். எதை? கட்டட வேலைக்காரர்கள் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளும் கேஸ் ஹீட்டரை! கொண்டு வந்து இறக்கிய பராமரிப்புத் தொழிலாளி வெளியே காரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எடுத்துப் போகச் சொன்ன அலுவலகத்தின் மேல்தான் கோபம்.

திரு. மேட்லாக், உட்காருங்கள். கார் சாவியை உள்ளே வையுங்கள். ரோண்டா பேச வந்தபோதெல்லாம் அடுத்த விஷயத்துக்குப் போனீர்கள். இன்று போக முடியாது.

அன்று வெளியே பனிப்புயல். பிள்ளைகள் வரும்போது கிடங்கு கதகதப்பாக இருக்க வேண்டுமென்று ரோண்டா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மதியமே போய் ஹீட்டரைப் பற்ற வைத்திருக்கிறார். கதவுகளை இறுகச் சாத்தியிருக்கிறார். மாலையில் பிள்ளைகள் வந்தார்கள். பழகினார்கள். அணித் தலைவி தெஸ்ஸா ஓக்லி எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். தெஸ்ஸா, தவறினால் திருத்து.

முதலில் ஒருத்தி தலை வலிக்கிறது என்றாள். பிறகு இன்னொருத்தி. ரோண்டாவும் நெற்றியைப் பிடித்துக்கொண்டே எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தாராம். "மிஸ், உங்க மூஞ்சி ஏன் இவ்ளோ சிவந்திருக்கு?" என்று தெஸ்ஸா கேட்டாள். "உங்களைக் கட்டி மேய்ச்சா சிவக்காம?" என்றார். அப்போது ஒரு பெண் வாந்தியெடுத்து அப்படியே சரிந்தாள். ரோண்டா ஹீட்டரைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"வெளியே! எல்லாரும் வெளியே ஓடுங்க! கொடியைக் கீழே போடு!"

பிள்ளைகள் ஓடவில்லை. ஏன் தெரியுமா? கை ஒடிந்தாலும் கொடி தரையில் படக்கூடாது என்று வருடக்கணக்கில் அவர் வாயால் கேட்டவர்கள். கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மலைத்து நின்றார்கள். அவரே பாய்ந்து ஒவ்வொருத்தி கையிலிருந்தும் கம்பைப் பிடுங்கித் தரையில் வீசினார். "போடுடி கீழே! ஓடு! ஓடுடி!" சரிந்த பெண்ணை தெஸ்ஸாவும் இன்னொருத்தியும் தூக்கிக்கொண்டார்கள். துணிக் காலணியோடு எல்லாரும் பனியில் போய் விழுந்தார்கள்.

ரோண்டா வாசலில் நின்று தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. ஜோசி ரெய்மர். தலைவலி தாங்காமல் பின்னறையில் கோட்டுகளின் மேல் போய்ப் படுத்திருந்தாள்.

"மிஸ், போகாதீங்க! தீயணைப்பு வண்டி வந்துட்டிருக்கு!"

"புள்ளைங்களைப் பாத்துக்கோ, தெஸ்ஸா" என்றார். உள்ளே போனார்.

ஜோசியை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். தெஸ்ஸாவின் கையில் அவளைத் தள்ளினார். அங்கேயே விழுந்தார். எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள், அவர் ஏன் பிழைக்கவில்லை என்று மருத்துவரைக் கேட்டேன். மதியத்திலிருந்து, ஹீட்டர் கக்கிய வாசனையில்லாத நச்சுக் காற்றை அவர் தனியே சுவாசித்துக்கொண்டிருந்தார் என்றார் மருத்துவர். பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாது என்பதற்காக!

மறுநாள் வாரியம் அறிக்கை விடுகிறது: "எதிர்பாராத விபத்து. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பயிற்சியாளரே." தேர்ந்தெடுத்தாராம்! எதிலிருந்து எதைத் தேர்ந்தெடுத்தார்? இந்த அரங்கத்தின் கதவைச் சாத்தியது யார்? இன்னும் மண் காயாத கல்லறையில் இருக்கும் பெண்மேல் பழியைப் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கணவர் படிக்கப் போகிற பத்திரிகையில் அதை அச்சடிக்கக் கூசவில்லையா?

அதோடு விட்டீர்களா? கொடி அணியின் இந்தப் பருவத்தை ரத்து செய்தீர்கள். "மறைந்தவருக்கு மரியாதையாக." அன்றிரவு கூடைப்பந்து ஆட்டம் ரத்தாகவில்லையே! அந்தப் பையன்களைக் குறை சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன் கண்ணீரோடு நின்றார்கள், ஆட மாட்டோம் என்று கூடச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆடச் சொன்னது பெரியவர்கள்.

என் குழுவின் சார்பில் அறிவிக்கிறேன். சனிக்கிழமை இறுதிப் போட்டி எங்கள் ஊரில். நிகழ்ச்சி நிரலில் டன்ஹோப் பெயர் இருக்கிறது. நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். வாரியம் அனுமதித்தால் பள்ளியின் பெயரில் ஆடுவார்கள். அனுமதிக்காவிட்டால் ரோண்டா கெஸ்லர் பெயரில் ஆடுவார்கள். அழைத்து வர ஒவ்வொரு ஊரிலிருந்தும் பெற்றோர்கள் கார் அனுப்புகிறார்கள். அடுத்த வாரியக் கூட்டத்துக்கு இந்த வட்டாரத்தின் அத்தனை கொடி அணிகளும் வரும். அந்த ஹீட்டரை அனுப்பச் சொன்னது யார் என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம். பதில் வந்தாலும், எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் கொட்டகையிலும் கிடங்கிலும் பழக வேண்டாத நிலை வரும்வரை ஓய மாட்டோம். ரோண்டா, இது உன் எதிரி உனக்குக் கொடுக்கிற வாக்கு.

கடைசியாக ஒன்று. இது மேடைக்கு அல்ல.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஜோசி வீடு திரும்பினாள். போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நான் அங்க போய்ப் படுக்காம இருந்திருந்தா மிஸ் இருந்திருப்பாங்க, சார். என்னாலதான் செத்தாங்க" என்றாள். பதினான்கு வயதுப் பெண். இந்த ஊரில் இதுவரை "என்னால்தான்" என்று சொன்னது அவள் ஒருத்திதான்! மேடையில் இருப்பவர்கள் யாரும் சொல்லவில்லை.

ஜோசி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய், தெரிகிறது. நிமிர்ந்து என்னைப் பார். உனக்குத் தலை வலித்தது, படுத்தாய். அவ்வளவுதான் நீ செய்தது. உன்னால் அவர் சாகவில்லை. உன்னை வெளியே கொண்டு வந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டுதான் அவர் கண்ணை மூடினார். அவரைக் கொன்ற பழியைச் சுமக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள், இதோ வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு துளியையும் நீ எடுத்துக்கொள்ளாதே, கண்ணே. எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.