ரிமோட் லாரிக்கு நாலு டயர்

மலேசியாவில், ரெம்பாவிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் கைக்குட்டையைப் பிரித்து, வெடிப்பு விட்ட சின்ன டயர் ஒன்றைக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு லாரியோட டயரு, அக்கா."

"இத்துனூண்டா?"

"ரிமோட்ல ஓடுற பழைய பொம்மை லாரி. ஆஸ்பத்திரியில அவரு காலு ஒண்ணை எடுத்ததுலேருந்து வீட்டுக்குள்ளயே உக்காந்து இதைத்தான் ஓட்டுறாரு."

"சைஸ் தெரியுமா?"

"உள்பக்கத்து நம்பர் அழிஞ்சிபோச்சு. ரிம்மையும் கொண்டாந்திருக்கேன், கடையில மாட்டிப் பாத்துதான் வாங்கணும். நாலையும் மாத்தணுமாம், இல்லன்னா ஒரு பக்கமா இழுக்குமாம்."

"விட்டுடு லா. வெளயாட்டுச் சாமானுக்கு இம்புட்டு அலைச்சலா?"

இளையவள் டயரை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றினாள்.

"ஆறு மாசமா வாசப்படி தாண்டாத மனுஷன்க்கா. புது டயரு மாட்டினா கோயில் வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன்னாரு. லாரி போனா, கக்கத்துக் கட்டையை ஊனிக்கிட்டு அவரும் பின்னாலயே நடந்துதானே ஆகணும்?"