நாலடித் தொட்டி

– இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் புடி, புவனா. ஆங், அப்டியே. பசை புடிக்கிற வரைக்கும் கைய எடுக்காத.

– எவ்ளோ நேரம்ண்ணா? தோள்பட்ட வலிக்குது.

– இருபது நிமிஷம். எனக்குந்தான் வலிக்குது. அரக்கோணத்துல ஒரு கடைக்கு முழுசாக் கண்ணாடி மாட்டிட்டு, ரயில்ல நின்னுகினே வந்தேன்.

– அதான் சின்னத் தொட்டியா ஒண்ணு போதும்னேன். ஒரு கையில தூக்கிகினு பஸ் ஏறிடலாம்.

– பஸ் ஏறி எங்க போற?

– திருவாலங்காட்டுக்குத்தான். வேற எங்க போவேன்? என் வூட்டுக்காரரும் அவரு பெரியப்பாவும் ஞாயித்துக்கிழம வராங்களாம். நல்லபடியா பேசி, சாப்பாடு போட்டு, என்னயும் கூடவே அனுப்பணும்னு நைனா சொல்லிட்டாரு. நீயும் பக்கத்துலதான நின்னுகினு இருந்த?

– இருந்தேன்.

– ஒண்ணும் பேசலயே.

– வேலைக்கு நேரமாச்சு, கெளம்பிட்டேன்.

– எப்பவும் அப்டித்தான் நீ.

– ஆங், எப்பவும் அப்டித்தான். அந்த ஓரத்த அழுத்து. ஆமை எதனா தின்னுதா?

– ரெண்டு கீர இல தின்னுச்சு. எதிர்வூட்டு கோதண்டம் மாமா வந்து குனிஞ்சு பாத்துட்டு, இவ்ளோ பெரிசான்னாரு. கல்யாணத்தப்ப நீ குடுக்கசொல்ல பத்து ரூபா காசு அளவுதான் இருந்துது. இப்ப தோசக்கல்லு.

– இதுக்குமேல வளராதுன்னு கடக்காரன் சொன்னான். நம்பி வாங்கிட்டேன்.

– மாப்பிள்ளயயும் தரகர் சொன்னத நம்பித்தான பாத்த.

– ஆமை ஓடு எப்படி இருக்கு?

– இன்னும் மெத்துமெத்துன்னுதான் இருக்கு. வெயிலே படாம வளந்துதுன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க. மூணு வருஷம்ண்ணா, அவரு வூட்டு மாடிப்படிக்குக் கீழ, ஒரு பிளாஸ்டிக் டப்புல. ஏறி உக்கார ஒரு கல்லு கெடையாது. நீந்திகினே இருக்கணும்.

– முடியலன்னா?

– செவுத்துல நகத்த ஊனிகினு நிக்கும். அது சுரண்டற சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். அவருகிட்ட ஒரு கல்லு கொண்டாந்து போடுங்கன்னேன். ஒரு ஆமைக்கு இவ்ளோ உபசாரமான்னு சிரிச்சாரு. கோயில் குளத்துல வுட்டுடு, வேணும்னா நீயும் கூடவே குதின்னாரு.

– இதெல்லாம் போன்ல ஏன் சொல்லல?

– சொன்னேன்ண்ணா. ஆமைக்கு முடியல, ஆமைக்கு முடியலன்னு நாலு தடவ சொன்னேன். நீ தீனி வாங்கி பார்சல் அனுப்பின.

– ஆங். அனுப்பினேன்.

– அழாதண்ணா. பசையில வுழப்போவுது.

– யாரு அழுவறா? கண்ணாடித் தூளு. இங்க பாரு, இந்த ஜன்னல்ல காலைல நல்லா வெயில் வுழும். கல்ல இந்தப் பக்கம் வெக்கணும், பாதி தண்ணிக்கு மேல. மழ நாள்ல அதுக்கு நேரா ஒரு குண்டு பல்பு. கொழாத் தண்ணிய ஒரு நாள் புடிச்சி வெச்சிட்டுத்தான் ஊத்தணும், மருந்து வாட போவணும்.

– இதெல்லாம் எங்க கத்துகின?

– ரயில்ல, போன்லதான் பாத்துகினு வந்தேன். பசை ரெண்டு நாள் காயணும். ஞாயித்துக்கிழம தண்ணி ஊத்தலாம்.

– ஞாயித்துக்கிழம நான் எங்க இருப்பேன்? ஆமா, இங்க இருந்த அரிசி மூட்டயெல்லாம் யாரு எடுத்தது?

– உங்க அண்ணிதான். மத்தியானமே கூடத்துக்கு இழுத்துப் போட்டுட்டா. இப்ப இடுப்பு புடிச்சிகிச்சுன்னு படுத்துகினு கெடக்கா.

– சந்திரா அண்ணியா? பாவம். ரெண்டு நாளைக்காவ இவ்ளோ கஷ்டம்.

– கைய எடு. புடிச்சிகிச்சு.

– ரொம்பப் பெரிசா இருக்கேண்ணா.

– நாலடி நீளம். அகலம் ரெண்டர, உயரமும் ரெண்டர.

– அண்ணா.

– என்ன?

– இந்த ரூம் வாசப்படி ரெண்டடிதான? கண்ணாடிய ஒண்ணொண்ணா எடுத்தாந்து உள்ளயே வெச்சி ஒட்டிட்ட. இனிமே எப்படித் திருப்பினாலும் இது வெளிய வராது.

– ஆங்.

– பத்து வருஷமா கண்ணாடிக் கடைல இருக்கற ஆளு, அளக்காமயா ஒட்டின? இத நான் எப்படி எடுத்துகினு போறது?

– அளந்தேன் புவனா. மொதல்ல வாசப்படியத்தான் அளந்தேன். அப்புறந்தான் கண்ணாடிய வெட்டினேன்.