ராஜேந்திரன் அண்ணனை ஊர் நம்பிய விதம்

யார் பேசினாலும் குறுக்கிடாமல் கேட்பேன். என் மனைவி ஆதிலட்சுமிக்கு என்னிடம் பிடித்த குணம் அது ஒன்றுதான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் நான் நடத்தும் விடுதியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவார்கள். பறக்கும் தட்டைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது அவர்களில் ஒருவர். அரசாங்க இடங்களில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து, உள்ளே தட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அவர்களில் யாரை நம்பலாம் என்று அலசிப் பார்க்க ஒரு யூடியூப் சேனல் தொடங்கினேன். ஏறக்குறைய எல்லோரையும் நிராகரித்தேன். பொய் சொல்பவன் கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளரும்.

ராஜேந்திரன் அண்ணன் கதை வளரவே இல்லை. வேங்கிக்கால் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். ஏதோ ஒரு மத்திய அரசுக் கிடங்கில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒருமுறை தார்ப்பாய் போட்டு மூடிய வட்டமான பொருள் ஒன்றை ஏற்றிப்போனாராம். வழியெல்லாம் உள்ளேயிருந்து யாரோ தட்டிக்கொண்டே வந்தார்களாம். அவ்வளவுதான். பச்சை மனிதன், சுழலும் விளக்கு, எதுவும் கிடையாது. எத்தனை முறை கேட்டாலும் அதே தட்டல். டீக்கடையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வீடியோ போட்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தென்றல் என்ற பெண் அதற்குக் கீழே எழுதினாள்: "இது நெஜமா இருந்தா இந்தாள இன்னும் உயிரோட விட்டு வெச்சிருப்பாங்களா?"

நியாயமான கேள்வி. அண்ணனோ ரேஷன் கடைக்கும் பேத்தி பள்ளிக்கும் ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தார். உடம்பில் சர்க்கரைகூடக் கிடையாது. இப்படி ஒருவரை யார் நம்புவார்கள்?

அதனால் வேறொரு சிம் வாங்கி, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவரை அழைத்து, இனிமேல் எதுவும் பேசக்கூடாது என்று இந்தியில் சொன்னேன். எனக்கு இந்தி கம்மி. அவருக்கு அதுவும் கிடையாது. புரியாததால் ஜாஸ்தியாகவே பயந்துவிட்டார். அதைப் பற்றி அவரைப் பேசவைத்து ஒரு வீடியோ போட்டேன். நன்றாக ஓடியது. பிறகு ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்தேன். அது இன்னும் நன்றாக ஓடியது.

அவர் மனைவி அருணாதேவி அக்கா விடுதிக்கே வந்துவிட்டார். "அவருக்கு உன்ன உட்டா யாரும் இல்ல தம்பி. கூடவே இருந்து பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றிலிருந்து கூடவேதான் இருந்தேன்.

ஆனால் அண்ணன் பின்வாங்கிவிட்டார்.

"உட்டுடலாம் தம்பி. நான் தார்ப்பாயத்தான பாத்தேன். அது தண்ணி டேங்க்காகூட இருந்திருக்கும். உள்ள எலி எதுனா பூந்திருக்கும்."

"எலி தட்டுமா, அண்ணா?"

"தட்டாதுதான்," என்றார். "ஆனா நான் சொன்னது தப்புனு எல்லாருக்கும் சொல்லிடு. நான் நிம்மதியா சோறு தின்னணும்."

உண்மையைச் சொன்னவர்தான் மிரட்டலுக்குப் பயந்து மாற்றிப் பேசுவார். என்னைப் பொறுத்தவரை அவர் மேலிருந்த நம்பிக்கை அன்றைக்குத்தான் முழுமையானது. ஊர் அப்படிப் பார்க்காது. மறுபடியும் சிரிக்கும். எவ்வளவோ பேரைத் தள்ளிவிட்டுக் கண்டுபிடித்த ஒரே நல்ல சாட்சி வீணாகிவிடும்.

மறுப்பையும் பதிவு செய்துவிடலாம், சத்தமில்லாத இடமாகப் போவோம் என்று கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லைக்கு அழைத்துப்போனேன். அங்கே சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று உண்டு. நீச்சல் தெரியுமா என்று வழியில் கேட்டேன். தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். எப்போதும் அப்படித்தான் அவர். போனைப் பிடித்துக்கொண்டு, மலையும் சேர்ந்து தெரியட்டும், இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள் என்றேன். போனார். இன்னும் கொஞ்சம் என்றேன். லாரி ஓட்டியவர் அல்லவா, பின்னால் பார்க்காமல் நகரமாட்டார். பார்த்துவிட்டார்.

"கெணறு இருக்குது தம்பி, பாத்து வா," என்றார்.

அதனால் தள்ளவேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நேரம் கைகளால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார். போனில் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்தது என் கவனக்குறைவு. அது இப்போது உங்களிடம் இருக்கிறது.

சாவுக்கு வந்த கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். டீக்கடையில் சிரித்தவர்களெல்லாம் மாலையோடு வந்தார்கள். தென்றல் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். அருணாதேவி அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு சொன்னது நெஜம்தானா தம்பி?" என்று கேட்டார். நிஜம் என்றேன். அக்காவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பழைய கிடங்கில் விசாரித்துவிட்டு, அது வெறும் தண்ணீர் டேங்க் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள், சார். அவர் சொன்னது பொய்யென்றால், நான் எதற்கு அவரைக் கொல்லப்போகிறேன்?